உங்கள் வெப்சைட்டில் இன்னும் மார்ச் 31 ஆஃபர் ஓடுகிறதா?

சின்னதாகத் தொழில் நடத்துபவர்களிடம் "உங்க வெப்சைட் எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "இருக்கு". பிரச்சினையே அங்கேதான். எப்போதோ ஒருவரை வைத்துச் செய்தாகிவிட்டது, காசு கொடுத்தாகிவிட்டது, விசிட்டிங் கார்டில் முகவரியையும் அச்சடித்தாகிவிட்டது. அப்புறம் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, வாடிக்கையாளரைத் தவிர.

அவர் மொபைலில் திறக்கிறார். மேலே பெரிதாக "மார்ச் 31 வரை மட்டும்" என்று ஒரு ஆஃபர். எந்த வருட மார்ச் என்று போடவில்லை, இப்போது நடப்பதோ ஆகஸ்ட். அடியில் போனால் பதிப்புரிமை 2019. அதற்குப் பக்கத்தில் வரிசையாகச் சமூக ஊடக ஐகான்கள். அதில் கூகுள் பிளஸ் என்று ஒன்று, 2019 ஏப்ரலிலேயே இழுத்து மூடிவிட்டார்கள். இன்னொன்று ட்விட்டரின் நீலக் குருவி, 2023 ஜூலையில் பெயர் எக்ஸ் ஆனதோடு அதுவும் பறந்துவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் பெரிய தப்பு இல்லை. ஆனால் எல்லாம் சேர்ந்து பார்க்கிறவர் மனதில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும்: இவர்கள் இன்னும் தொழில் செய்கிறார்களா, மூடிவிட்டார்களா? அதை உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்து? பின்னால் போய் அடுத்த தளத்தைத் திறந்துவிடுவார்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, "வாரம் ஒரு பதிவு போடுங்கள்". சின்னத் தொழிலுக்கு இது உதவாத யோசனை என்பது என் கருத்து. மூன்று வாரம் போடுவீர்கள், நான்காவது வாரம் வேலை வந்து கழுத்தை நெரிக்கும், அதோடு நின்றுவிடும். நின்றுபோன அந்தப் பதிவுகளே அப்புறம் "இங்கே ஆள் இல்லை" என்று போர்டு மாட்டியதுபோல ஆகிவிடும். தளத்தில் இன்றைக்குப் பொய்யாகிப்போன வரி ஒன்றுகூட இல்லை என்றால் போதும், கடைசியாக எதையாவது சேர்த்து ஆறு மாதம் ஆகியிருந்தாலும் அது உயிரோடு இருக்கும் தளம்தான். அதனால் எழுத உட்காரும் முன் தளத்திலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துவிடுவோம்.

முதலில் வெளியாள் மாதிரி பாருங்கள்

உங்கள் கணினியில் பார்த்தால் தெரியாது. பிரவுசர் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக் காட்டும், நீங்களும் பழக்கத்தில் எதையும் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள். வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், பழைய சேமிப்பைத் தொடாத இன்காக்னிடோ விண்டோவில் திறங்கள். முகவரியை நேராக அடிக்காமல், வாடிக்கையாளர் எப்படி வருவாரோ அப்படி, தொழிலின் பெயரைத் தேடி உள்ளே போங்கள். கூகுளும் இப்போது தளங்களை மொபைல் கண்ணோடுதான் பார்க்கிறது. அந்த மாற்றத்தை முடித்துவிட்டதாக 2023 அக்டோபரில் அறிவித்தார்கள். அதனால் கணினியில் அழகாக இருக்கிறது என்ற ஆறுதல் எதற்கும் ஆகாது.

அப்புறம் முகப்பிலிருந்து ஃபூட்டர் (பக்கத்தின் அடிப்பட்டை) வரை ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. வாய்விட்டுப் படிக்கும்போதுதான் "எங்கள் ஐந்து கிளைகளிலும்" என்ற இடத்தில் நாக்கு நிற்கும், ஏனென்றால் இப்போது இருப்பது மூன்று. இப்படி நாக்கு நிற்கிற இடத்தையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு எதையும் திருத்த வேண்டாம். படிக்கும்போதே திருத்த ஆரம்பித்தால் இரண்டாவது பக்கத்தைத் தாண்ட மாட்டீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

எடுக்க வேண்டியது

முடிந்துபோன ஆஃபர். "விரைவில் வருகிறது" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பக்கம். வேலையை விட்டுப் போனவர்களின் படம். நீங்கள் திறந்தே பார்க்காத சமூக ஊடகக் கணக்கின் ஐகான். வேலைக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பு, அந்த ஆளும் வந்து சேர்ந்து போயும் ஆகியிருப்பார். இதையெல்லாம் யோசிக்காமல் எடுக்கலாம்.

கொஞ்சம் யோசித்து எடுக்க வேண்டியது "செய்திகள்" பகுதி. அதில் ஆறு பதிவு இருந்து, கடைசிப் பதிவு மூன்று வருடம் பழசு என்றால், அந்த ஆறில் இன்றைக்கும் யாருக்காவது உதவுகிற ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, சரிபார்த்து, சாதாரணத் தகவல் பக்கமாக மாற்றிவிட்டு, "செய்திகள்" என்ற தலைப்பையே மெனுவிலிருந்து தூக்கிவிடுங்கள். "செய்திகள்" என்று எழுதி வைத்தால் செய்தி கொடுத்தாக வேண்டும், முடியாது என்றால் அந்தக் கதவே வேண்டாம்.

ஒரு பக்கத்தை எடுக்கும்போது அப்படியே அழித்துவிடாதீர்கள். பழைய முகவரியை யாராவது சேமித்து வைத்திருப்பார்கள், வேறு தளத்தில் லிங்க் கொடுத்திருப்பார்கள், அங்கிருந்து வருகிறவருக்கு "பக்கம் இல்லை" என்ற 404 பிழைதான் கிடைக்கும். அதே விஷயம் வேறு பக்கத்தில் இருந்தால் வருகிறவரைத் தானாக அங்கே அனுப்பிவைக்கும் 301 ரீடைரக்ட் போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பேறித்தனம், தேடி வந்தவர் குழம்பிப்போவார்.

ஃபூட்டரில் இருக்கும் வருடத்தைத் தானாக மாற்றும் ஒரு வரி கோட் உண்டு. போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் ஆஃபர் பழசாக இருந்து ஃபூட்டர் மட்டும் இந்த வருடத்தைக் காட்டினால் முன்பைவிட மோசமாகத் தெரியும்.

போன் நம்பர், நேரம், வழி

மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். நம்பரைப் படித்துப் பார்த்தால் போதாது, விரலால் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் தெரியும் எண் ஒன்று, அதைத் தொட்டால் டயல் ஆகும் எண் வேறொன்று என்பது நான் அடிக்கடி பார்க்கும் கூத்து. நம்பர் மாறியபோது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மாற்றியிருப்பார்கள், அதற்குள் இருக்கும் லிங்கை மாற்ற மறந்திருப்பார்கள். மொபைலில் பார்க்கிறவர் யாரும் நம்பரை மனப்பாடம் செய்து அடிப்பதில்லை, தொடத்தான் செய்வார், அது எப்போதோ சரண்டர் செய்த எண்ணுக்குப் போய், இப்போது அதை வைத்திருக்கும் யாரோ ஒருவர் எடுத்து "ராங் நம்பர்" என்று எரிச்சலோடு வைப்பார். வாட்ஸ்அப் லிங்கும் இதே கதைதான். அதில் எண் நாட்டுக் குறியீட்டோடு இருக்க வேண்டும், முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ நடுவில் கோடோ இருக்கக் கூடாது. இருந்தால் சில நேரம் திறக்காது.

அடுத்து, தளத்தில் போட்டிருக்கும் நேரமும் கூகுள் மேப்பில் காட்டும் நேரமும் ஒன்றா என்று பாருங்கள். மேப்பில் தெரியும் உங்கள் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் (2021 நவம்பர் வரை இதற்குப் பெயர் கூகுள் மை பிசினஸ்) உங்கள் தகவலை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்க முடியும், சில சமயம் அது உங்களைக் கேட்காமலே ஏறியும்விடும். அதனால் ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டோம் என்று இருந்துவிட முடியாது. விடுமுறை நாட்களுக்கென்று அதில் தனியாக நேரம் போட வசதி இருக்கிறது, பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. திறந்திருக்கும் என்று நம்பி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவரை மறுபடி வரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

ஃபார்ம்: சத்தமில்லாமல் சாகும் இடம்

இது என் சொந்தக் கதை. என் தளத்தில் ஒரு தொடர்பு ஃபார்ம் இருந்தது, நிரப்பி அனுப்பினால் "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று அழகாகப் பதில் காட்டும். தளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவையை, அதாவது ஹோஸ்டிங்கை மாற்றினேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒரு மெயிலும் வரவில்லை, நானும் சீசன் டல் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் நேரில் பார்த்த ஒருவர், "மூணு தடவை எழுதினேன், ஒரு பதில்கூட இல்லையே" என்றார். போய்ப் பார்த்தால் ஃபார்ம் "நன்றி" சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது, மெயில் மட்டும் எங்கும் போகவில்லை. அந்த இரண்டு மாதத்தில் எழுதியவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் வந்ததைத் தளத்திலேயே சேமிக்கும் வசதியை நான் போட்டு வைக்கவில்லை.

காரணம் பெரும்பாலும் இதுதான்: நிறைய ஃபார்ம்கள், நிரப்பியவரின் மெயில் முகவரியையே அனுப்புநர் இடத்தில் போட்டு அனுப்பும். அதாவது உங்கள் சர்வர் அவர் பெயரில் கடிதம் போடுகிறது. மெயில் நிறுவனங்கள் இதைப் போலி என்று எடுத்துக்கொண்டு ஸ்பேமில் தள்ளும், அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் இன்னும் கறாராகிவிட்டன. அனுப்பும் டொமைனுக்கு (தளத்தின் பெயர், மெயில் முகவரியில் @-க்குப் பின் வருவது), மெயில் நிஜமாகவே அங்கிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் போன்ற சரிபார்ப்புப் பதிவுகள் இருந்தாக வேண்டும். ஆகவே அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைனின் முகவரியையே போட்டு, நிரப்பியவரின் முகவரியை, நீங்கள் பதில் எழுதினால் போய்ச் சேரும் ரிப்ளை-டு பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் இருக்கிறதா என்று ஹோஸ்டிங் ஆட்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு இது தினசரி வேலை. வரும் ஒவ்வொரு தகவலும் மெயிலோடு தளத்திலும் சேமிப்பாகும்படி வையுங்கள். மாதம் ஒருமுறை நீங்களே வேறொரு மெயில் முகவரியிலிருந்து நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.

படங்கள்

ஹெட்செட் மாட்டிக்கொண்டு சிரிக்கும் அந்தப் பெண்ணை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாடிக்கையாளருக்கும் தெரியும். இணையத்தில் பாதித் தளங்களில் அவர்தான் வேலை பார்க்கிறார். சந்தேகம் உள்ளவர் படத்தை வைத்துத் தேடினால் இன்னும் எத்தனை நிறுவனத்தில் அதே "எங்கள் குழு" இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பதில், வேலை நடக்கும்போது மொபைலில் எடுத்த உங்கள் சொந்தப் படம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் எவ்வளவோ மேல். ஒவ்வொரு வேலை முடிந்ததும் இரண்டு படம் எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால், தளத்தில் புதிதாக என்ன போடுவது என்ற கேள்வியே வராது. வாடிக்கையாளரின் இடமோ முகமோ தெரிந்தால் அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எடுத்ததை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். மொபைல் படம் ஒன்று சாதாரணமாக 3, 4 எம்பி இருக்கும். அகலத்தை 1600 பிக்சல் அளவுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200, 300 கேபிக்குள் அடங்கிவிடும், பார்க்கிறவருக்கு வித்தியாசமும் தெரியாது. இன்னொன்று, மொபைல் கேமரா படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரத்தையும் ஒளித்து வைத்திருக்கலாம். வாடிக்கையாளர் வீட்டில் எடுத்தது என்றால் அதை நீக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், அளவு குறைக்கும் பல கருவிகளிலேயே இதற்கு வசதி உண்டு. ஏற்றி முடித்ததும் தளத்தின் வேகத்தைச் சோதித்து மதிப்பெண் போடும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் தளத்தைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். 100 மதிப்பெண் வாங்கியே தீருவேன் என்று அதன் பின்னால் அலைய வேண்டாம், அது வேறு ஒரு வியாதி.

எழுதுவது என்றால் எதை எழுதுவது?

சரி, எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று, திருத்த வேண்டியதைத் திருத்தியாயிற்று. இப்போது எழுதலாம். தலைப்பு தேடி எங்கும் போக வேண்டாம், உங்கள் போனில் தினமும் வந்துகொண்டிருக்கிறது. போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள், வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியை அவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அது தளத்தில் ஏற வேண்டிய விஷயம்.

ஒரு உதாரணம். பழுது பார்க்கும் சர்வீஸ் ஒன்றின் தளத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "தரமான சேவையை உரிய நேரத்தில் வழங்குவதே எங்கள் குறிக்கோள்." இது பொய் இல்லை, ஆனால் இதைப் படித்து யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அதே சர்வீஸுக்குத் தினமும் வரும் கேள்வி, "நீங்க வரும்போது நான் வீட்டில் இருக்கணுமா?" அதற்கு இப்படி எழுதலாம்: "ஆமாம், நீங்களோ வேறு பெரியவர் யாராவதோ வீட்டில் இருக்க வேண்டும். வருவதற்கு அரை மணி நேரம் முன் போன் செய்வோம். பார்த்துவிட்டு என்ன செலவாகும் என்று சொல்வோம், நீங்கள் சரி என்ற பிறகுதான் பிரிப்போம். வேண்டாம் என்றால் பார்த்ததற்கான கட்டணம் மட்டும்." நான்கு வரி. இதைப் படித்தவர் போன் செய்யும்போதே பாதி முடிவு எடுத்துவிட்டிருப்பார். உங்களுக்கும் அதே பதிலை நூறாவது முறை சொல்லும் வேலை மிச்சம்.

விலைப்பட்டியல் போடுவதாக இருந்தால் பக்கத்திலேயே "இந்தத் தேதி நிலவரப்படி" என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்க நேரம் இருக்காது என்றால், எண்ணைப் போடாமல் விலை எதையெல்லாம் வைத்துக் கூடும் குறையும் என்று விளக்கினாலே போதும். தப்பான விலையைப் போட்டுவிட்டு வந்தவரிடம் "அது பழைய ரேட்டு" என்று சொல்வதைவிட எதுவும் மோசமில்லை.

ஏஐ கருவியில் ஒரு வரி கொடுத்து வந்ததை அப்படியே ஒட்டும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. எழுத்துப் பிழை பார்க்க, நீண்டதைச் சுருக்க அது நல்ல துணை. ஆனால் நீங்கள் தராத உத்தரவாதத்தை அது உங்கள் பெயரில் எழுதி வைத்துவிடும், "24 மணி நேரமும் சேவை" என்று. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும்போது தெரியும்.

தேதியை மட்டும் மாற்றிப் பக்கத்தைப் புதுசாகக் காட்டும் வித்தையும் வேண்டாம். உள்ளே பெரிதாக எதுவும் மாறாமல், புதிதாகத் தெரிவதற்காகத் தேதியை மாற்றுகிறீர்களா என்பது கூகுள் தன் வழிகாட்டியிலேயே தளக்காரர்களைக் கேட்கும் கேள்விகளில் ஒன்று. நிஜமாகவே திருத்தினால் என்ன திருத்தினீர்கள் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், அது தேதியைவிட நன்றாகப் பேசும்.

ரிவ்யூ பற்றி ஒன்றே ஒன்று. பெயரும் தேதியும் இல்லாமல் "சூப்பர் சர்வீஸ்!" என்று நீங்களே எழுதிக்கொண்ட மாதிரி இருக்கும் பத்தைவிட, குறை சொன்ன ஒரு நிஜ ரிவ்யூவும் அதற்கு நீங்கள் சண்டை போடாமல் கொடுத்த பதிலும் அதிகம் வேலை செய்யும்.

கண்ணுக்குத் தெரியாத பகுதி

டொமைன், சான்றிதழ், பிளக்இன் (தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்), பேக்கப் (தளத்தின் நகல்). இந்த நான்கில் ஒன்று தவறினாலும் மேலே செய்த எதற்கும் அர்த்தம் இல்லை.

டொமைன் காலாவதியாகும் முன் நினைவூட்டல் வரும். டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் மெயில் அனுப்பியாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. கேள்வி என்னவென்றால், அந்த மெயில் யாருக்குப் போகிறது? தளம் செய்து கொடுத்தவரின் முகவரியில் பதிவாகியிருந்தால், அவர் இப்போது வேறு வேலையில் இருந்தால், ஒரு காலையில் தளமும் அதோடு அந்த டொமைனில் இருக்கும் உங்கள் மெயில்களும் சேர்ந்து நின்றுவிடும். இன்றைக்கே உள்ளே போய், பதிவு உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், அதுவும் அந்த டொமைனைச் சாராத வேறொரு மெயிலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சான்றிதழ் என்றால் முகவரிக்கு முன்னால் வரும் ஹெச்டிடிபிஎஸ் விஷயம், தளத்துக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவுவது. 2018 ஜூலையிலிருந்தே குரோம், இது இல்லாத தளங்களைப் "பாதுகாப்பானது அல்ல" என்று காட்டுகிறது. சான்றிதழ் காலாவதியானால் இன்னும் மோசம், பக்கத்துக்குப் பதில் பயமுறுத்தும் எச்சரிக்கைதான் முழுத்திரையில் வரும். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வழக்கமாக 90 நாள் செல்லும். காசு கொடுத்து வாங்குவதற்கும் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது, 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47 என்று முடிவாகியிருக்கிறது. கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். தானாகப் புதுப்பிக்கும்படி வைத்துத் தரச் சொல்லுங்கள்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளம் என்றால் தேவையில்லாத பிளக்இன்களை முடக்கி வைக்காமல் அழித்தே விடுங்கள், முடக்கினாலும் கோப்புகள் சர்வரில்தான் கிடக்கும். மீதி உள்ளவற்றுக்கு 5.5 பதிப்பிலிருந்து தானாக அப்டேட் ஆகும் வசதி இருக்கிறது. ஆனால் அதை ஆன் செய்வதற்கு முன் பேக்கப் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த பேக்கப் தளம் இருக்கும் அதே சர்வரில் இருந்தால் அது பேக்கப் கணக்கில் சேராது. ஒருமுறையாவது அதிலிருந்து மீட்டும் பாருங்கள்.

எப்போது செய்வது

மாதம் ஒரு நாள், அரை மணி நேரம். மாதத்தின் முதல் செவ்வாய் என்று மொபைல் காலண்டரில் திரும்பத் திரும்ப வரும்படி போட்டுவிடுங்கள். யார் செய்வது என்று ஒருவர் பெயரும் போடுங்கள், "யாராவது பார்த்துக்கலாம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். முகப்பை மொபைலில் படிப்பது, நம்பரைத் தொடுவது, ஃபார்மை அனுப்பிப் பார்ப்பது, மேப்பில் நேரம் பார்ப்பது, நோட்டில் இருந்து ஒரு கேள்வியை ஏற்றுவது. அவ்வளவுதான். நம்பர் மாறுவது, இடம் மாறுவது போன்ற பெரிய மாற்றத்துக்கு இந்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. அதற்கென்று உங்கள் நம்பர் எங்கெல்லாம் போட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் (தளம், மேப், வாட்ஸ்அப், மெயிலின் கையொப்பம், பில் புத்தகம்) எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவிட்டால், அந்த நாளில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் தடவை அரை மணி நேரத்தில் முடியாது, ஒரு ஞாயிற்றுக்கிழமையே போனாலும் ஆச்சரியமில்லை. இரண்டு மூன்று மாதம் போனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படி ஒரு மாதம் எல்லாம் சரியாகவே இருந்து, நோட்டிலும் புதுக் கேள்வி எதுவும் இல்லை என்றால், வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று முகப்பின் நிறத்தை மாற்ற உட்காராதீர்கள், பிரவுசரை மூடிவிட்டுப் போய் உங்கள் வேலையைப் பாருங்கள்.